பெருவிரலை வெளியே வைத்துச் சுற்ற வேண்டிய கைப்பிடி

திருகோணமலையின் பாலையூற்றில் உள்ள எங்கள் வீட்டின் பின்கதவுக்கு அருகே, ஏறத்தாழ இரண்டு முழ நீளத்தில், இரண்டு இடங்களில் மடங்கிய ஓர் இரும்புத் தண்டு சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. இரவில் கதவைத் தாழிட்ட பின்னர் அதை உட்புறமாக முட்டுக்கொடுத்து வைப்பது அம்மாவின் வழக்கமாக இருந்தது. அம்மா இல்லாத இந்த ஒன்பது ஆண்டுகளாக அந்த வேலையை நான் செய்கிறேன். அது ஒரு லொறியின் ஸ்டார்ட்டிங் ஹாண்டில். பற்றறி பலவீனமான காலத்தில், அல்லது பற்றறியே இல்லாத காலத்தில், லொறியின் முன்பக்கத் துளைக்குள் அதைச் செருகி, எஞ்சினைக் கையால் சுற்றி உயிர்ப்பிப்பார்கள். பிடிக்கும் இடம் மட்டும் தேய்ந்து பளபளப்பாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம் துரு.

நான் ஏழு வயதில் இருந்தபோது அப்பா எனக்குக் கற்றுத்தந்த முதல் தொழிற்பாடம் அந்தக் கைப்பிடியைப் பற்றியது. "பெருவிரலை உள்ளுக்கு மடக்காதை, மற்ற நாலு விரலோடையும் ஒரே பக்கமா வை" என்றார். கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து கீழே அழுத்தக் கூடாது. நெருப்புப் பொறி நேரம் தவறி விழுந்தால் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். அப்போது கைப்பிடி எதிர்த்திசையில் சுழலும். சாதாரணமாக ஒரு தடியைப் பிடிப்பதுபோலப் பெருவிரலைச் சுற்றிப் பிடித்திருந்தால் அந்த விரல் முறியும், சில வேளைகளில் மணிக்கட்டும் முறியும். அக்காலத்து லொறிச் சாரதிகள் பலரின் வலது பெருவிரல் சற்று வளைந்திருப்பதை நான் கவனித்திருக்கிறேன். அப்பாவின் விரல் நேராகவே இருக்கிறது, அதில் அவருக்குப் பெருமை உண்டு.

இந்தக் கைப்பிடி எந்த லொறிக்கு உரியது என்பதில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நெடுங்காலமாக நடக்கிறது. அப்பாவுக்கு இப்போது 85 வயது. தாம் கிளீனராகச் சேர்ந்த முதல் லொறியாகிய பெட்போர்டின் கைப்பிடி அது என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு. அவரைவிட நான்கு வயது மூத்தவரும், வாழ்நாள் முழுவதும் அதே தெருக்களில் லொறி ஓட்டியவருமான கிண்ணியாக் காக்கா (முஸ்லிம்கள் அண்ணனைக் 'காக்கா' என்பார்கள்), அது கடற்படை ஏலத்தில் போன கனேடிய லொறியினுடையது என்கிறார். இருவரும் மாதம் ஒரு முறையாவது அனுராதபுரச் சந்திக்கு அருகில் ஒரு தேத்தண்ணீர்க் கடையில் சந்திப்பார்கள். அவர்களை அழைத்துச் செல்வது என் பொறுப்பு. அந்த மேசையில் நான் கேட்டவற்றையும், 1970களின் இறுதியில் பள்ளி விடுமுறைகளில் அப்பாவின் லொறியில் கிளீனராகப் போய் நானே கண்டவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். அந்த லொறிகளில் ஒன்றுகூட எந்த நூதனசாலையிலும் வைக்கப்படவில்லை. அவை இருந்ததற்குச் சாட்சியாக எஞ்சியிருப்பவை இந்த மனிதர்களின் கைகளும் காதுகளும் மட்டுமே.

திருகோணமலையில் விசித்திரமான லொறிகள் இவ்வளவு இருந்ததற்குக் காரணம் துறைமுகம்தான். பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்த இந்த ஊருக்கு இரண்டாம் உலகப்போர் கொண்டுவந்து இறக்கிய பொருட்களுக்கு அளவில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. எண்ணெய்க் குதங்களில் ஒன்று எரிந்தது. அதன் பின்னர் தளம் மேலும் பலப்படுத்தப்பட்டபோது படை வாகனங்களும் பெருகின. போர் முடிந்ததும் ஒரு பகுதி விற்கப்பட்டது. 1957இல் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டபோது இன்னொரு பகுதி ஏலத்துக்குப் போனது என்பது காக்காவின் நினைவு. கொழும்பு முதலாளிமார் நல்ல வண்டிகளைக் கொண்டுபோன பிறகு எஞ்சியவற்றை உள்ளூரில் விறகு, உப்பு, நெல் ஏற்றுபவர்கள் வாங்கினார்கள்.

காக்கா முதலில் கிளீனராக ஏறியது அப்படி வந்த ஒரு ஃபோர்ட் லொறியில்தான். கனடாவில் ஃபோர்டும் செவர்லேயும் பொதுநலவாயப் படைகளுக்காக ஒரே இராணுவ அமைப்பில் செய்த லட்சக்கணக்கான வாகனங்களில் அது ஒன்று. மூக்கு நசுங்கிய முகம், கம்பிவலை போட்ட முன்பக்கம், வலதுபக்க ஸ்டியரிங். வேறு எந்த லொறியிலும் காணாத ஒன்று அதில் இருந்தது. அதன் முன்கண்ணாடி மேலிருந்து கீழே போகப்போக உட்புறமாகச் சாய்ந்திருந்தது, அதாவது மேல்விளிம்பு முன்னால் துருத்தியும் கீழ்விளிம்பு சாரதியை நோக்கி உள்வாங்கியும் இருந்தது. மழையில் தண்ணீர் கண்ணாடியில் நிற்காமல் இருக்கச் செய்தார்கள் என்று ஒரு சாரதி சொன்னாராம். இரவில் சாரதிக்குத் தன் முகமே கண்ணாடியில் தெரிந்து பயப்படாமல் இருக்கச் செய்தார்கள் என்று இன்னொருவர் சொன்னாராம். அந்தக் கதைகளைக் கேட்டே வளர்ந்த நான், பல ஆண்டுகளுக்குப் பின்னர் அந்த வகை வாகனங்களைப் பற்றி வாசித்தபோதுதான் உண்மையான காரணத்தை அறிந்தேன். மேலே பறக்கும் எதிரி விமானத்துக்குக் கண்ணாடியில் படும் வெயிலின் பளபளப்புத் தெரியக் கூடாது என்பதற்காகவே அப்படிச் சாய்த்தார்கள். இதைக் காக்காவிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப மகன், நாங்க மொரவெவக் காட்டுக்குள்ள விறகு ஏத்தித் திரிஞ்சது ஆகாயத்துக்கு ஒளிச்சு ஓடுற வண்டியிலயா?" என்று கேட்டார். போருக்காகச் செய்த அந்தக் கண்ணாடி இருபது ஆண்டுகள் திருகோணமலைக் காட்டு விறகுக்கு உழைத்திருக்கிறது.

அந்த ஃபோர்டில் இருந்தது எட்டு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின், சாரதிகள் வாயில் 'வீ எயிட்'. இழுவை அபாரம், ஆனால் பெற்றோலைக் குடிக்கும். கந்தளாயில் ஏற்றி நகரத்தில் இறக்கும் ஒரு ஹயரின் வருமானத்தில் பாதி எரிபொருளுக்கே போய்விடும் என்பதால் முதலாளிமார் ஒருவர் பின் ஒருவராக அதைக் கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் எஞ்சினைக் கழற்றி வயலுக்குத் தண்ணீர் இறைக்கக் கொண்டுபோனார்களாம்.

ஒரு லொறியின் வயதை அக்காலத்தில் அதன் இலக்கத் தகட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் இலக்கம் என்றால் பழையது, நடுவில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருந்தால் அதற்குப் பிந்தியது. அந்த எழுத்து வந்தபோது வடக்குக் கிழக்கில் எழுந்த ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம் 1958இல் உச்சத்துக்குப் போனது. தமிழ் ஸ்ரீ எழுதிய வாகனங்கள் ஒரு பக்கமும் அதை அழித்தவர்கள் இன்னொரு பக்கமுமாக இருந்த நாட்களில், ஆங்கில எழுத்து இலக்கம் கொண்ட பழைய லொறிகளின் சாரதிகள்தான் நிம்மதியாகச் சிங்களப் பகுதியான ஹபரணையைத் தாண்டினார்கள் என்று காக்கா சொல்வார். அந்தத் தகட்டுக்காகவே ஒரு பழைய லொறிக்குச் சில மாதங்கள் நல்ல கிராக்கி இருந்ததாம்.

இனிப் பெட்போர்ட். இதைப் பற்றி எழுதாமல் இலங்கைத் தமிழர் ஒருவர் லொறியைப் பற்றி எழுத முடியாது. இங்கிலாந்தின் லூட்டனில் வொக்ஸோல் நிறுவனம் 1931இல் தொடங்கிய பெயர் அது. 1939இல் வந்த 'ஓ' வகையில்தான் அப்பா 1955இல், தமது 15ஆவது வயதில், கிளீனராக ஏறினார். ஆறு சிலிண்டர், மூன்றரை லீற்றர் பெற்றோல் எஞ்சின். 1958 முதல் 'ஜே' வகை வந்தது, 1960இல் 'ரீகே' (TK) வந்தது. 'ஜே' வகைக்கு முன்னால் நீண்ட பொனட் உண்டு. 'ரீகே'யின் முகம் தட்டையானது, எஞ்சின் சாரதியின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும், அதைத் திறந்து பார்க்கக் கதவுக்குப் பின்புறமாக இன்னொரு சிறு கதவு இருக்கும். வெயிலில் ஹபரணைக்குப் போய் வந்தால் முதுகு வெந்துவிடும் என்று 'ரீகே' ஓட்டியவர்கள் முறையிடுவார்கள். பொனட் லொறிக்காரர்களோ முழங்கால் வெந்ததைச் சொல்வார்கள்.

ஆனால் எங்கள் ஊரில் ஓடிய பெட்போர்டில் லூட்டனிலிருந்து வந்தது எவ்வளவு என்று கேட்டால், சட்டமும் எஞ்சினும் முன்முகமும் மட்டும்தான். பல லொறிகள் அப்படித்தான் கப்பலில் வந்தன. சாரதி அமரும் கூடும், பின்னால் சுமை ஏற்றும் பெட்டியாகிய 'பொடி'யும் இங்கே மரத்தில் கட்டப்பட்டவை. திருகோணமலைக் காடு தந்த மரங்கள் அதற்கு இருந்தன. சுமை தாங்கும் குறுக்குத் தீராந்திகளுக்கு முதிரையும் பாலையும், வளைந்து கொடுக்க வேண்டிய பக்கச் சட்டங்களுக்குச் சவண்டலையும் போட்டார்கள் என்று அப்பா சொல்கிறார். சவண்டலை சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படுவது. ஆங்கிலேயர் அதைத் 'திருகோணமலை மரம்' என்றே அழைத்தனர். சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகுகளுக்கும் அந்த மரம்தான் போனது. அலையின் அடியைத் தாங்கிய அதே மரம் குண்டும் குழியுமான தெருவின் அடியையும் தாங்கியது என்பதில் எனக்கு வியப்பில்லை. மரவேலை பாஸ் (தச்சர்) ஒருவர் ஒரு பொடியை முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் எடுப்பார். முடிந்ததும் முதலாளி தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சில்லின் கீழ் வைத்து நசுக்கி, கோணேசர் கோயிலடி வரை ஓட்டிக்கொண்டுபோய்த் திருப்புவார்.

அந்த லொறிகளின் கியர்ப் பெட்டி இக்காலத்துச் சாரதிகளுக்குப் புரியாத ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போது கியரைக் கீழிறக்க வேண்டுமானால் கிளச்சை ஒரு முறை அழுத்தி நடுநிலைக்குக் கொண்டுவந்து, கிளச்சை விட்டு, எஞ்சினை அளவாக முறுக்கி, மறுபடி கிளச்சை அழுத்தி, அடுத்த கியருக்குள் தள்ள வேண்டும். இதை 'டபிள் கிளச்' என்பார்கள். எஞ்சினின் வேகமும் சில்லின் வேகமும் பொருந்தும் அந்தக் கணத்தைக் காட்டும் கருவி எதுவும் லொறியில் இல்லை. காதால் கேட்டுத்தான் அறிய வேண்டும். தவறினால் பற்கள் உராய்ந்து எழுப்பும் ஓசை தெரு முழுவதும் கேட்கும், தேத்தண்ணீர்க் கடையில் இருக்கும் மற்றச் சாரதிகள் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே தாம் வேலை பழகியதாக அப்பா சொல்வார். சரியாக விழுந்த கியருக்கு ஓசையே கிடையாது. இருட்டில், சுமையுடன், காட்டு யானை நிற்கக்கூடிய கந்தளாய் – ஹபரணைத் தெருவில் ஓசையின்றிக் கியரை இறக்குகிறவரே நல்ல சாரதி. அந்தத் திறமைக்கு எந்தச் சான்றிதழும் கொடுக்கப்படவில்லை. அனுமதிப்பத்திரத்தில் அதற்கு இடமும் இல்லை.

பொனட் லொறி சிரமம் கொடுத்த இடம் ஒன்று உண்டு. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் கரையோரத் தெரு, மகாவலியின் கிளைகளையும் களப்பு வாய்களையும் கடந்து போவது. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று பாலமில்லாத துறைகள் வரிசையாக இருந்தன. அங்கெல்லாம் வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைகளை நாங்கள் 'பாதை' என்போம். வடத்தைப் பிடித்து ஆட்களே இழுத்து நகர்த்தும் பாதைகளும் அவற்றில் இருந்தன. பாதையில் லொறியை ஏற்றுவது தனிக்கலை. முன்சில்லு ஏறியவுடன் இந்தப் பக்கம் தாழ்ந்து அந்தப் பக்கம் உயரும். அந்த நேரத்தில் தயங்கி நிறுத்தினால் லொறி பின்னோக்கி வழுக்கும். வேகமாக ஏறினாலோ ஈரப் பலகையில் பிறேக் பிடிக்காது, முன்னால் தண்ணீர். ஆகவே முதலாம் கியரில், நிறுத்தாமல், நடக்கும் வேகத்தில் ஏற வேண்டும். பொனட் மறைப்பதால் சாரதிக்கு முன்னாலுள்ள பலகை தெரியாது. கிளீனர் பாதையின் மறுமுனையில் நின்று கையால் காட்டுவதை நம்பியே அவர் ஏற்ற வேண்டும்.

1979இல் வெருகல் துறையில் அந்தக் கை என்னுடையது. 13 வயதுச் சிறுவனின் கையை நம்பி, நெல் மூட்டைகள் ஏற்றிய லொறியை அப்பா பாதைக்குள் இறக்கினார். நான் 'நில்' என்று காட்டியது ஒரு கணம் பிந்திவிட்டது. முன்சில்லு கடைசிப் பலகையின் விளிம்புக்கட்டையில் முட்டி நின்றது. நான் அடைகட்டையைச் சில்லுக்கடியில் போட்டபோது என் கை நடுங்கியது. அப்பா இறங்கி வந்து விளிம்புக்கும் சில்லுக்கும் இடையில் தம் நான்கு விரல்களை வைத்து அளந்தார். "காணும்" என்றார். அவ்வளவுதான், திட்டவில்லை. அதன் பின்னர் எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லைப்போல எதையும் நான் நினைவில் வைத்திருக்கவில்லை.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது, அடுத்த சில ஆண்டுகளில் மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்துவிட்டன. மக்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, நோயாளியுடன் அந்தத் துறையில் காத்திருந்த எவரும் அறிவர். காக்கா மட்டும் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் பழைய துறையிருந்த பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்ப்பார்.

காக்காவின் கையில் வந்த இன்னொரு லொறியைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டும். அப்படியொரு வண்டி திருகோணமலையில் வேறு இருந்ததாக அவரோ அப்பாவோ அறியார். அது கொமர் என்ற பிரித்தானிய நிறுவனத்தின் லொறி. 1960களின் நடுப்பகுதியில் நிலாவெளி உப்பளத்திலிருந்து கண்டிக்கு உப்பு ஏற்றும் ஒப்பந்தக்காரர் ஒருவர் அதைக் கொழும்பில் பழைய வண்டியாக வாங்கிவந்தார். லொறி சந்திக்கு வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடுமாம். லொறியின் உறுமல் போல இல்லை, பெரிய மோட்டார் சைக்கிள் பத்து ஒன்றாக வருவது போன்ற ஓர் அதிர்வு. நாய்கள் தெருவைவிட்டு ஓடும். மூன்றாம் கட்டையில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருந்தவர் அந்தச் சத்தத்தைக் கேட்டே காக்காவுக்குத் தேத்தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிடுவார்.

ஒரு நாள் அந்த எஞ்சின் இழுவை குறைந்துபோயிற்று. நகரத்தில் பெட்போர்ட் எஞ்சின்களைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடிய ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள். அவர் வால்வுகளைச் சரிபார்ப்பதற்காக எஞ்சினின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மூடும் தலைப்பாகத்தை, கழற்ற முனைந்தார். ஹெட் இல்லை. மேலே தேடினார், பக்கவாட்டில் தேடினார். வால்வுகளும் இல்லை. "காக்கா, இது தலையில்லாத முண்டம்" என்று சொல்லிச் சாவியைக் கீழே வைத்துவிட்டாராம். அவர் சொன்னது முழு உண்மை. கொமர் லொறிகளுக்கு 1954இல் வந்த அந்த டீசல் எஞ்சினில் சிலிண்டர்கள் மூன்று, பிஸ்டன்கள் ஆறு. படுக்கையாக வைத்த ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடிவந்து, ஒன்றையொன்று முட்டப்போகும் தறுவாயில் நடுவில் எரிபொருள் எரிந்து அவற்றைப் பிரித்துத் தள்ளும். இரு பக்கமும் இருக்கும் ஊஞ்சல் போன்ற நெம்புகள் அந்தத் தள்ளலைக் கீழேயுள்ள ஒரே கிராங்குக்குக் கொண்டுபோகும். காற்றை உள்ளே தள்ள ஓர் ஊதி, காற்றும் புகையும் போய்வரச் சிலிண்டர்ச் சுவரிலேயே துளைகள். ஆகவே ஹெட்டும் வால்வும் தேவையில்லை. இரண்டு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) எஞ்சின் என்பதால்தான் அந்த அதிர்வு. மூன்றே கால் லீற்றர்தான் கொள்ளளவு, ஆனாலும் தன்னைவிடப் பெரிய எஞ்சின்களோடு சரிநிகராக இழுத்தது.

இந்த விவரமெல்லாம் நான் பின்னாளில் வாசித்து அறிந்தவை. காக்காவுக்கு அன்று தெரிந்தது, கண்டி ஏற்றத்தில் மற்ற லொறிகள் தவழும்போது இது ஒரே மூச்சில் ஏறும் என்பதும், ஒரு முறை பழுதுபட்டால் இந்த ஊரில் அதைத் தொட ஆள் இல்லை என்பதும்தான். இங்கே ஒரு பெட்போர்ட் நாற்பது ஆண்டு வாழ்ந்ததும், திறமையில் அதை மிஞ்சிய கொமர் ஆறு ஆண்டில் அழிந்ததும் இதனால்தான் என்று நான் நினைக்கிறேன். ஒரு லொறியை எத்தனை பேர் பிரித்துப் பூட்டத் தெரிந்திருக்கிறார்கள் என்பதே அதன் ஆயுள். 1960களின் தொடக்கத்திலிருந்து 1977 வரை, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிகள் இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், உதிரிப்பாகம் கடையில் வாங்கும் பொருளாக இல்லை. கடைசலில் கடைந்தும், வெல்டிங் பிடித்தும், செத்த லொறியிலிருந்து எடுத்துமே பாகங்கள் கிடைத்தன. பெட்போர்டுக்குச் செத்த லொறிகள் ஏராளம், கொமருக்கு ஒன்றுமில்லை.

டாட்டாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாட்டா நிறுவனம் வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் லொறிகள் 1961இல் வந்து சேர்ந்த நாடு இலங்கை. அப்போது அவை ஜெர்மனியின் டைம்லர் பென்ஸுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் கீழ் செய்யப்பட்டவை என்பதால் முகத்தில் பென்ஸின் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. 1969இல் உடன்படிக்கை முடிந்தபின் நட்சத்திரம் போய்விட்டது. நட்சத்திரமுள்ள டாட்டாவை வைத்திருந்தவர்கள் அதைத் தினமும் துடைத்து மினுக்கினார்கள், இல்லாதவர்களில் சிலர் எங்கிருந்தோ ஒன்றைத் தேடி வாங்கிப் பூட்டினார்கள்.

அப்பா 1974இல் தமக்கென்று ஒரு லொறி வாங்கினார், அது ஒரு பழைய 'ஜே' வகைப் பெட்போர்ட். அம்மாவின் தாலிக்கொடி தவிர்ந்த நகைகள் அனைத்தும் அதில் போயின. 1977க்குப் பின் சந்தை திறந்துவிடப்பட்டு ஜப்பானிய வாகனங்களும் பாகங்களும் வரத் தொடங்கியபோது, 1981இல் அதன் பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஓர் இசுசு டீசல் எஞ்சினை ஏற்றினார். எஞ்சின் தாங்கிகளை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது, கியர்ப் பெட்டியும் மாறியது. அதற்கு முன்பே கூடு நிலாவெளியில் கட்டியது, பின் அச்சு இன்னொரு லொறியினுடையது. "இதில எங்க தம்பி பெட்போர்ட் இருக்கு?" என்று காக்கா கேட்டார். அப்பா பொனட்டின் முன்னால் ஆங்கிலத்தில் இருந்த பெயரைத் தொட்டுக் காட்டினார். எனக்கு அன்றும் இன்றும் தோன்றுவது வேறு. அந்த லொறியை அந்த லொறியாக வைத்திருந்தது அந்தப் பெயரல்ல. எந்த நட் எந்தப் பக்கம் இறுகும், எந்தக் குழியில் எந்த ஸ்பிறிங் முனகும் என்று அப்பாவின் உடம்பில் பதிந்திருந்த அறிவே அதைச் செய்தது.

அந்த ஆண்டுகளில் தெருவில் சுமை கூடிக்கொண்டே போனது. 1980இல் சீனக்குடாவில் பிரீமா மாவு ஆலை இயங்கத் தொடங்கியது, பின்னர் சீமெந்தும் வந்தது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கட்டின் மேலால் கனரக வாகனங்கள் ஓடியதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதைக் கேள்விப்பட்ட நாளில் அப்பா சாப்பிடவில்லை. தாம் அந்தக் கட்டில் எத்தனை முறை போயிருப்போம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அம்மா பிறகு சொன்னார்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது நாங்கள் வீட்டைவிட்டு ஓடினோம். லொறியைக் கொண்டுபோக வழியில்லை. திரும்பி வந்தபோது வீடு பாதி இருந்தது, லொறி இல்லை. பின்கதவு மூலையில் இந்தக் கைப்பிடி மட்டும் கிடந்தது. யார் கொண்டுபோனார்கள் என்பதை அப்பா விசாரிக்கவும் இல்லை, நான் எழுதப்போவதும் இல்லை. ஆறு ஆண்டுகளுக்குப் பின் கந்தளாய்ப் பக்கம் ஒரு தெருவோரத்தில், வேறு நிறமும் வேறு இலக்கமும் பூண்டு, மணல் ஏற்றி நின்ற லொறியொன்றை அப்பா கண்டார். டாஷ்போர்டுப் பலகையில் சரஸ்வதி படம் மாட்டுவதற்காக அம்மா ஆணியடித்த இடத்தில் மரம் சிராய் பெயர்ந்திருக்கும். அந்தச் சிராய் அங்கே இருந்தது. ஓட்டிய இளைஞர் அதை முறையாகக் காசு கொடுத்து வாங்கியிருந்தார். அப்பா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. "இரண்டாம் கியர் கொஞ்சம் கழரும், கையால பிடிச்சுக்கொண்டு இறங்குங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடையால் பழைய பெற்றோல் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளிகள் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உயர்ந்த அழுத்தமில்லாத பழைய எஞ்சின்களால் மட்டுமே அதைத் தாங்க முடிந்தது. இடம்பெயர்ந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்த சாரதி ஒருவர் அந்த வெள்ளைப் புகையின் மணத்தை விவரித்தபோது, தேத்தண்ணீர்க் கடையில் இருந்த பழைய பெட்போர்ட்காரர் எல்லோருடைய முகத்திலும் ஒரு நிறைவு தெரிந்தது. புதிய வண்டிகள் செய்ய முடியாததை அவர்களுடைய வண்டிகள் செய்தன.

சென்ற தை மாதம், தம்பலகாமத்தில் ஓர் அரிசி ஆலையின் பின்புறக் கொட்டிலில் ஒரு பொனட் பெட்போர்ட் நிற்பதாக எனக்குத் தகவல் கிடைத்தது. கைப்பிடியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, அப்பாவையும் காக்காவையும் ஏற்றிக்கொண்டு போனேன். ஆலைக்காரர் நல்ல மனிதர், படங்கை விலக்கிக் காட்டினார். பச்சை நிறம், 'ஸ்ரீ' இலக்கம், கோழிகள் முட்டையிடும் இருக்கை. எஞ்சின் பெற்றோல் எஞ்சின்தான், பழையபடியே இருந்தது. முன்பம்பரின் நடுவில் அந்தத் துளையும் இருந்தது.

அப்பா கைப்பிடியை என்னிடமிருந்து வாங்கித் தாமே செருகினார். உள்ளே போனது. மெதுவாகத் திருப்பிப் பார்த்தார், பல் எதிலும் பிடிக்காமல் சும்மா சுற்றியது. இன்னும் இரண்டு விரற்கடை நீளம் வேண்டியிருந்தது.

"நான் சொன்னனே தம்பி, இது கனடாக்காரன்ட" என்றார் காக்கா.

"இது ஜே காக்கா, என்ட வண்டி ஓ" என்றார் அப்பா. "ஓவுக்குத் துளை கிட்ட இருக்கும்."

காக்கா அதை ஏற்கவில்லை. இருவரும் ரேடியேட்டருக்கும் பம்பருக்கும் இடையிலான தூரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அப்பாவின் கை இன்னும் அந்தத் தண்டிலேயே இருந்தது, நான்கு விரல்களோடு பெருவிரலும் ஒரே பக்கமாக.